சண்டை போடாத பனியன்

போன வாரம் என்னை ஒரு மேடையில் ஏற்றிவிட்டார்கள். திருப்பூரில் சின்னச் சின்ன பனியன் கம்பெனி நடத்துபவர்களின் கூட்டம் அது. எனக்குக் கொடுத்த தலைப்பு 'இன்டர்நெட் - நேற்று, இன்று, நாளை'.

கூப்பிட்டவர் என் நண்பர் பழனிசாமி. "ஏனுங்க, நீங்க வாராவாரம் பத்திரிகைல எழுதறவரு. எக்ஸ்போர்ட் ஆபீஸ்ல தெனமும் ஈமெயிலோட மல்லுக்கட்டறவரு. வந்து நாலு வார்த்தை பேசுனீங்கன்னா நம்ம ஆளுங்களுக்கு ஒரு தெம்பு வருமுங்க" என்றார். இப்படிச் சொன்னால் யார்தான் போகமாட்டார்கள்?

போனேன். நன்றாகவே பேசினேன்.

நேற்று - வெப்சைட் என்பது கடை வாசல் போர்டு மாதிரி இருந்த காலம். 'நல்வரவு' என்று எழுத்துகள் இடமும் வலமும் ஓடும். மூலையில் ஒரு பூமி உருண்டை சுற்றும். இதுவரை எத்தனை பேர் வந்தார்கள் என்று கீழே ஒரு மீட்டர். அதில் பாதி, முதலாளியே திறந்து திறந்து பார்த்த கணக்கு! சிரித்தார்கள்.

இன்று - போர்டைப் பார்க்கிறவரும் அதில் எழுதலாம். பிளாக் இருக்கிறது, கமெண்ட் இருக்கிறது. அச்சாபீஸ் வேண்டாம், யாருடைய அனுமதியும் வேண்டாம். "இதுதாங்க ஜனநாயகம்" என்றேன். கைதட்டினார்கள்.

நாளை - எல்லாம் செல்போனுக்குள்ளேயே வந்துவிடும். வீரபாண்டியில் பத்து மெஷின் போட்டிருப்பவரை சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் நேரடியாகத் தேடி வருவார், நடுவில் ஏஜென்ட் கிடையாது. இதற்கு இன்னும் பலமான கைதட்டல்.

அப்புறம் கேள்வி நேரம். பின்வரிசையிலிருந்து ஒரு பெண்மணி எழுந்தார். பெயர் ஸ்டெல்லா. சாத்தான்குளம் பக்கத்திலிருந்து டெய்லராக வந்தவர். இப்போது கணவரோடு வீரபாண்டியில் குழந்தைகள் பனியன் தைக்கும் யூனிட் நடத்துகிறார். அவர் பேச்சில் தெற்கும் திருப்பூரும் கலந்திருந்தன.

"சார், நெட்ல ஒருத்தர் நம்மளக் கேலியா எழுதிட்டா, அதை எடுக்க முடியுமாங்க?"

"எழுதினவர்கிட்டயே கேளுங்க. சொன்னா எடுத்துடுவாங்க" என்றேன். ரொம்ப சுலபமாகச் சொன்னேன்.

"அவரு சொந்தப் பேரு போடல சார். எங்க வெப்சைட்ல நான் எழுதுன ஒரு வரிய எடுத்துப் போட்டு, கம்பெனி பேரையும் போட்டு, பக்கம் பூரா சிரிச்சிருக்காவ. 'சண்டை போடாத பனியன்'னு தலைப்பு."

மைக் என் கையில்தான் இருந்தது.

அதை எழுதியது நான்.

பத்திரிகையில் வரும் இந்தப் பத்தியை நான் என் பெயரில் எழுதுகிறேன். எல்லை தாண்டினால் ஆசிரியர் கத்தரி போடுவார். கத்தரி இல்லாத ஓர் இடம் வேண்டும் என்று புனைபெயரில் ஒரு பிளாக் வைத்திருக்கிறேன். வீட்டுக்குக்கூடத் தெரியாது. அங்கேதான் சில மாதங்களுக்கு முன் இதை எழுதினேன். குழந்தையின் தோலை உறுத்தாத துணி என்று சொல்லவந்த ஸ்டெல்லா, குழந்தையின் தோலோடு சண்டை போடாத துணி என்று அர்த்தம் வருகிற மாதிரி இங்கிலீஷில் எழுதியிருந்தார். நான் விடுவேனா? 'அப்படியானால் மற்ற பனியன்கள் எல்லாம் கத்தி எடுத்துக்கொண்டு வருமா?' என்று ஆரம்பித்து ஒரு பக்கம் ஓட்டினேன். கமெண்ட்கள் குவிந்தன. அன்றைக்கு ஆபீஸில் நான் வேலையே பார்க்கவில்லை. யார் என்ன எழுதினார்கள் என்று அரை மணிக்கு ஒரு தரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஸ்டெல்லா இன்னும் நின்றுகொண்டிருந்தார்.

"ஏஜென்ட் ஒருத்தர் சாம்பிள் கேட்டிருந்தாரு. எங்களுக்கு அதுதான் மொத எக்ஸ்போர்ட் ஆர்டரா வந்திருக்கும். கம்பெனி பேரை நெட்ல தேடிப் பாத்திருக்காரு போல. போன் பண்ணி, 'அந்தச் சண்டை பனியன் நீங்கதானா'ன்னு கேட்டுச் சிரிச்சாரு. பெறவு கூப்பிடவே இல்ல. எங்க வீட்டுக்காரர் கோவத்துல எங்க சைட்டையே எடுத்துட்டாவ. இப்ப நெட்ல எங்களப் பத்தி இருக்கது அந்தக் கேலி ஒண்ணுதான் சார்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். 'நான்தான்' என்று ஒரே ஒரு வார்த்தை...

"அந்த லிங்க்கை எனக்கு அனுப்புங்க. பார்த்துச் சொல்றேன்" என்றேன்.

பொன்னாடை போர்த்தினார்கள். குனிந்து வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அந்தப் பதிவை அழித்தேன். தீர்ந்தது என்று நினைத்தேன். ஸ்டெல்லாவின் கம்பெனி பெயரைத் தேடிப் பார்த்தால், என் எழுத்து எனக்கு அறிமுகமே இல்லாதவர்களின் பிளாக்குகளில் அப்படியே ஒட்டிக் கிடக்கிறது. 'மெயிலில் வந்தது, படித்துச் சிரியுங்கள்' என்று ஒருவர் முன்னுரை வேறு எழுதியிருக்கிறார். எடுத்துவிடுங்கள் என்று எல்லோருக்கும் எழுதினேன். ஒரே ஒருவர் பதில் போட்டார். 'நல்ல காமெடிதானே சார், இதை ஏன் எடுக்கணும்?'

எடுத்துவிடுங்கள் என்று அன்றைக்கு யாராவது என்னிடம் கேட்டிருந்தால், நானும் இதையேதான் சொல்லியிருப்பேன்.

மறுநாள் வீரபாண்டியில் ஸ்டெல்லாவின் யூனிட்டுக்குப் போனேன். வழியில் பழக்கடையில் நிறுத்தி ஆப்பிள் வாங்கினேன். எதற்கு? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

ஸ்டெல்லா தைத்து வந்த பனியன்களில் பிழை தேடி, பீஸ் செக்கிங் பண்ணிக்கொண்டிருந்தார். "வாங்க சார், லிங்க் அனுப்பினேனே, பாத்தியளா?" என்று முகம் மலரக் கேட்டார். உதவி செய்யத் தேடி வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார். கணவர் சேவியர் அவசரமாக நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

உட்காரவில்லை. "அதை எழுதினது நான்தாம்மா" என்றேன்.

மெஷின்கள் ஓடிக்கொண்டே இருந்தன. சேவியர் ஏதோ பேச வாயெடுத்தார். ஸ்டெல்லா கையைக் காட்டி நிறுத்தினார்.

"நேத்து மேடையில ஏன் சொல்லல?"

"பயம்."

"எங்களக் கேலி பண்ணுறப்ப இல்லியா, பயம்?"

"வெப்சைட்டை மறுபடி போடுங்க. இங்கிலீஷை நான் சரி பண்ணித் தர்றேன்" என்றேன்.

"வேண்டாம் சார். ஒங்களால முடிஞ்சா, எழுதுன அதே எடத்துல, ஒங்க சொந்தப் பேரப் போட்டு, செஞ்சதச் சொல்லுங்க. போதும்."

அவர் குரலில் கோபமே இல்லை. கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். கிளம்பும்போது ஆப்பிள் பையையும் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை எழுதினேன். புனைபெயரை எடுத்துவிட்டு என் பெயர், என் போட்டோ. செய்தது என்ன, அதனால் யாருக்கு என்ன ஆனது என்று ஒன்றையும் மறைக்காமல் எழுதினேன். அன்றைக்குச் சிரித்தவர்களில் பலர் வந்து படித்தார்கள் என்று மீட்டர் சொன்னது. கமெண்ட் ஒன்றுகூட இல்லை. கேலி ஊரெல்லாம் போனது... மன்னிப்பு மட்டும் போட்ட இடத்திலேயே கிடக்கிறது.

'நாளை'யைப் பற்றி மேடையில் நான் சொல்லாமல் விட்டது இதுதான். எல்லோர் கையிலும் எழுதுகோல் வந்துவிடும். அழிக்கிற ரப்பர் மட்டும் யாரிடமும் இருக்காது. செல்போனிலும் வந்துவிட்டால் இன்னும் சுலபம். பஸ்ஸுக்கு நிற்கிற நேரத்தில் ஒருவர் பிழைப்பைக் கெடுத்துவிட்டுப் போகலாம்.

அந்த ஏஜென்ட்டையும் கண்டுபிடித்துப் பேசினேன். "அடடா, அப்படிங்களா... ஆனா ஆர்டர் வேற எடத்துக்குப் போயிருச்சுங்களே" என்றார். அது போனது போனதுதான்.

நேற்று ஸ்டெல்லாவே போன் செய்தார். "நீங்க எழுதுனதப் படிச்சேன் சார்" என்றார். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

"எங்க சைட்ட மறுபடி போட்டாச்சு. பாக்கணும்னா பாருங்க."

"அவசியம் பார்க்கிறேம்மா."

"பாருங்க. கமெண்ட் எழுத மட்டும் எடம் வைக்கல."