கஸ்தூரி எழுதாமல் விட்ட வரி

கஸ்தூரியின் வேலை போனதற்குக் காரணம் நான்தான். இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

ஈப்போவில் ஒரே அடுக்குமாடியில் வளர்ந்தவர்கள் நாங்கள். எங்கள் அப்பாக்கள் ஒரே ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்கள். இருவரும் சட்டம் படித்து, கோலாலம்பூரில் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் ஆணையத்தில் இளநிலை வழக்கறிஞர்களாக ஒன்றாகவே சேர்ந்தோம். எங்கள் பிரிவில் ஒருவரைத்தான் நிரந்தரமாக்குவார்கள் என்று பேச்சு.

அவள் என்னைவிடக் கெட்டிக்காரி. நான் மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொள்ளும் ஃபைலை ஒரே மத்தியானத்தில் முடித்துவிடுவாள். "தள்ளிக்கோடி, ஒன்னப் பாத்தாப் பாவமா இருக்கு" என்று என்னுடையதையும் இழுத்து வைத்துக்கொள்வாள். அவளை எப்படி நேசிக்காமல் இருப்பது? நேசித்தேன்... இன்றும் நேசிக்கிறேன்.

அங்கே வேலை செய்பவர்கள் தங்கள் பேரில் இருக்கும் பங்குகளை ஒன்றுவிடாமல் ஒரு படிவத்தில் எழுதித் தர வேண்டும். ஒரு சனிக்கிழமை அவள் வீட்டில் உட்கார்ந்து நிரப்பிக்கொண்டிருந்தோம்.

"நான் யூனிவர்சிட்டி போனப்ப அப்பா எம்பேர்ல கொஞ்சம் ஷேர் வாங்குனாருடி" என்றாள். "நம்ம தோட்டத்துக் கம்பெனிதான். அத்தன வருசம் மரம் வெட்டுன எடத்துல நமக்கும் ஏதாச்சும் இருக்கட்டுமேன்னு ஆசை. அதையும் எழுதணுமா?"

"அதெல்லாம் வேணாம்லா. கொஞ்சூண்டு. யாரு பாக்கப் போறா?"

அதற்குச் சற்று முன்தான், என் அம்மா எனக்கு வாங்கித் தந்த அற்பப் பங்கை என் படிவத்தில் எழுதி முடித்திருந்தேன்! பிறகு ஏன் அப்படிச் சொன்னேன்? அறியாமையா? இல்லை. தெரிந்தேதான் சொன்னேன். அப்போது என் வாயில் அவள் அம்மா சுட்ட வடை இருந்தது.

இரண்டு மாதம் கழித்து அதே கம்பெனியின் மீது ஒரு விசாரணை வந்தது. ஃபைல் கஸ்தூரியின் மேசைக்குப் போனது. திறந்து பார்த்த உடனே எழுந்து மேலதிகாரியிடம் சென்றாள். தனக்கு அதில் பங்கு இருப்பதைச் சொன்னாள். எழுத மறந்துவிட்டதாகச் சொன்னாள். என் பெயரை எடுக்கவே இல்லை. பக்கத்து மேசையில் நான் தலை குனிந்து தட்டச்சு செய்துகொண்டிருந்தேன்.

அவளை நிரந்தரமாக்கவில்லை. என்னை ஆக்கினார்கள்.

இப்போது ஈப்போவில் சின்ன அலுவலகம் வைத்து வீடு, நிலம் கைமாற்றும் பத்திரங்கள் எழுதுகிறாள். நான் ஊருக்குப் போனால் ஸ்டேசனுக்கே காரோடு வந்து நிற்பாள். ஒருமுறை காரில், "கஸ்து, அன்னிக்கு அந்த ஃபாரத்துல..." என்று துணிந்து தொடங்கினேன்.

"அட, விடுடி. அப்ப ஒனக்கு மட்டும் என்ன தெரியும்?" என்று என் தொடையில் தட்டினாள்.

எல்லாம் தெரியும் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை... சிரித்தேன்.

போன வாரம் போன் செய்தாள். ஆணையத்தில் மறுபடி ஆள் எடுக்கிறார்களாம்.

"போட்டுப் பாக்கவா? பழசு பிரச்சினையாகுமா? நீ சொல்லுடி. நீ சொன்னாச் சரியா இருக்கும்."

அவள் நேர்மையாகப் போய்ச் சொன்னது இன்னும் அங்கே பெருமையாகப் பேசப்படுகிறது. கேட்டால் கிடைத்தாலும் கிடைக்கும். கிடைத்தால் தினமும் அந்த முகத்தை நான் பார்க்க வேண்டும்...

"வேணாம்டி. பழசக் கெளறுவாங்க" என்றேன்.

"சரிடி" என்றாள், ஒரு நொடிகூட யோசிக்காமல். "வெள்ளிக்கிழமை எத்தன மணி ட்ரெயின்? லூமுட் கடக்கரைலேர்ந்து நண்டு வருதாம். ஒனக்குன்னு அம்மா சொல்லி வச்சிருக்காங்க."