ஏழாம் நம்பர் டோக்கன்

இதைப் படித்துவிட்டுச் சிரிப்பவர்கள் சிரிக்கலாம். என் வீட்டுக்காரரே நம்பவில்லை. ஆனால் நடந்தது நடந்ததுதான். அதுவும் நடுராத்திரியில் இல்லை. பட்டப்பகலில், நவம்பர் பதினான்காம் தேதி, மதியச் சாப்பாட்டுக்கும் காபிக்கும் நடுவில். நேரமெல்லாம் என் காமிராவில் பதிவாகியிருக்கிறது.

என் பெயர் மார்லிஸ். ஹோல்டன்ராட் ஸ்டேஷனில் இருபத்திரண்டு வருஷம் டிக்கெட் கொடுத்தவள். கரியும் இரும்பும் வளர்த்த ஊர் எங்களுடையது. கரிச்சுரங்கத்தை மூடினார்கள், உருக்காலையை மூடினார்கள், கடைசியில் என் கவுண்டரையும் மூடி மெஷின் வைத்துவிட்டார்கள். ஸ்டேஷனுக்கு நூற்றைம்பது வயதாகிறது, அதன் வரலாற்றைப் புத்தகமாக எழுதிக் கொடு என்று ஊர்ச் சங்கத்தில் கேட்டார்கள். வீட்டில் சும்மா இருப்பவள்தானே, ஒப்புக்கொண்டேன்.

பிளாட்பாரங்களுக்கு அடியில் பழைய பார்சல் பாதை ஒன்று உண்டு. ஒரே வாசல், இரும்புக் கதவு. போர்க்காலத்தில் குண்டு விழும்போது ஜனங்கள் அதற்குள்தான் பதுங்கினார்கள். மேலே புதுத் தண்டவாளம் வருகிறது என்று அன்றைக்கு அதை சிமென்ட் குழம்பு ஊற்றி நிரப்பிவிடப் போகிறார்கள். அதற்குமுன் நாலு போட்டோவாவது எடுத்துவிட வேண்டும் என்று ஓடினேன்.

மேஸ்திரி ஹெரிபெர்ட், பதினெட்டு வருஷம் கரிச்சுரங்கத்தில் என் அப்பாவோடு வேலை பார்த்தவர். எங்கே வேலை எடுத்தாலும் சுரங்கத்து வழக்கத்தை விடமாட்டார். வாசலில் ஒரு பலகை, வரிசையாக ஆணிகள், ஒவ்வொன்றிலும் நம்பர் போட்ட பித்தளை டோக்கன். உள்ளே போகிறவர் டோக்கனைக் கையோடு எடுத்துப் போக வேண்டும். வெளியே வந்ததும் மாட்ட வேண்டும். ஆணி காலி என்றால் ஆள் உள்ளே இருக்கிறது என்று அர்த்தம்.

"ஏழாம் நம்பர் எடுத்துக்கோ மார்லிஸ். இருபது நிமிஷம். பலகை நிறைஞ்சாத்தான் நான் பம்ப்பை ஓட்டுவேன்."

"ஊருக்கே டிக்கெட் கொடுத்தவ நான். எனக்கே டிக்கெட்டா?"

"உங்கப்பன் இருந்தா காதைத் திருகியிருப்பான். பேசாம எடு."

எடுத்துக் கோட்டுப் பையில் போட்டேன். மற்ற ஆணிகளில் எல்லாம் டோக்கன் இருந்தது. என் கண்ணால் பார்த்தேன்.

மணி 1:42. பாதிப் படி இறங்கியிருப்பேன், கீழேயிருந்து ஒருவர் ஏறி வந்தார். பழைய போர்ட்டர் தொப்பி, நீளக் கோட்டு, உடம்பெல்லாம் செங்கல் தூசி. ஆண்டு விழா நாடகத்துக்கு எவரோ வேஷம் கட்டியிருக்கிறார், ஹெரிபெர்ட் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு உள்ளே சிகரெட் பிடிக்க வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

"ஆள் மாத்த வந்தீங்களா?" என்று கேட்டார்.

எங்கள் ஊரில் இது சாதாரணப் பேச்சு. மாற்று ஆள் வராமல் ஷிப்டில் நிற்பவர் இடத்தைவிட்டு நகரமாட்டார். நானும் விளையாட்டாகச் சொன்னேன்.

"ஆமா. இனி நான் பாத்துக்கறேன். நீங்க போய் காபி குடிங்க."

என்னையே பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

"விட்டுட்டு வந்துட மாட்டீங்களே?"

"மாட்டேன், போங்க."

"க்ளூக் அவுஃப்" என்றார். சுரங்கத்துக்காரர்களின் வணக்கம் அது, எங்கள் ஊரில் ரொட்டிக் கடையில்கூட அப்படித்தான் சொல்வார்கள். நானும் பதிலுக்குச் சொல்லிவிட்டு இறங்கினேன்.

அது இரும்புப் படி. நான் கால் வைத்தால் டங்... டங்... என்று எதிரொலித்தது. அவர் ஏறிப் போனபோது ஒரு சத்தமும் இல்லை. அப்போது அது எனக்கு உறைக்கவில்லை.

உள்ளே நல்ல குளிர். சுவரில் போர்க்கால அம்புக்குறிகள், உடைந்த பார்சல் வண்டி, மரப் பெஞ்சு. ஒவ்வொன்றாக எடுத்தேன். பாதை ஒரு செங்கல் சுவரில் முட்டி நின்றது. மற்றச் சுவர்களெல்லாம் கருங்கல். இது மட்டும் அவசரத்தில் கட்டியதுபோல் கோணல்மாணலாக இருந்தது. போட்டோ எடுக்கக் கிட்டே போனேன்.

டக் டக்.

சுவருக்குப் பின்னாலிருந்து. ஏதோ குழாயாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். மணி 1:56.

1:58. வாசல் பக்கம் 'டமார்' என்று ஒரு சத்தம்.

ஓடினேன். படி உச்சியில் இரும்புக் கதவு சாத்தியிருந்தது. தாழ்ப்பாள் வெளிப்பக்கம். தட்டினேன், கத்தினேன். போனில் ஒரு புள்ளி சிக்னல் இல்லை. டோக்கன் என் பையில்தானே இருக்கிறது, ஆணி காலியாகத்தானே இருக்கும், ஹெரிபெர்ட் எப்படி மூடுவார்... பையில் கைவிட்டுத் தொட்டுப் பார்த்தேன். இருந்தது.

2:05. பம்ப் உறுமியது.

கூரைத் துளை வழியாகக் குழம்பு கொட்டியது. சளக்... சளக்... சளக்... படியை நோக்கி ஊர்ந்து வந்தது. முதல் படி மறைந்தது. செத்தேன் என்று நினைத்தேன். இன்னும் இரண்டு மணி நேரத்தில் நான் இந்தச் சுவரோடு சுவர்.

அப்போதுதான் அப்பா சொல்லிக்கொடுத்தது ஞாபகம் வந்தது. சுரங்கத்தில் மணி அடிக்கும் முறை. ஒரு அடி என்றால் நிறுத்து. இரண்டு அடி என்றால் மேலே ஏற்று.

குழம்பில் இறங்கி, வண்டியின் இரும்புக் கைப்பிடியைப் பிடுங்கி வந்தேன். படியோரம் போகும் குழாயில் ஓங்கி அடித்தேன்.

டங்.

நிறுத்திக் காத்திருந்தேன்.

உள்ளே, அந்தச் சுவர்ப் பக்கமிருந்து...

டக் டக்.

திரும்ப அடித்தேன். டங்.

டக் டக்.

நாலாம் படி மறைந்தது.

டங்.

டக் டக். இப்போது மெதுவாக. களைத்துப்போன கை தட்டுவதுபோல்.

திரும்பிப் பார்க்கவில்லை.

பயம்.

டங்... டங்... டங்...

2:31. பம்ப் நின்றது.

கதவு திறந்தது. ஹெரிபெர்ட் என்னை இழுத்து வெளியே போட்டார். முகத்தில் ரத்தமே இல்லை.

"ஏழு மாட்டியிருந்துது மார்லிஸ். பாத்துட்டுத்தான் மூடினேன். சத்தியமா."

பையிலிருந்து என் டோக்கனை எடுத்து நீட்டினேன். பித்தளை, நம்பர் ஏழு.

இருவரும் பலகையைப் பார்த்தோம். ஏழாவது ஆணியிலும் ஒரு டோக்கன் தொங்கியது. கறுத்துப்போன துத்தநாகம். நம்பர் ஏழு. ஹெரிபெர்ட்டின் டோக்கன்களில் அப்படி ஒன்று இல்லவே இல்லை. போர்ட்டர் வேஷத்தில் யாராவது வெளியே வந்தார்களா என்று கேட்டேன். யாரும் வரவில்லை என்றார்.

அவரே மெல்லச் சொன்னார். "முதல்ல ரெண்டு ரெண்டு அடியாக் கேட்டுது. பம்ப்தான் உதறுதுன்னு விட்டுட்டேன். அப்புறம்தான் ஒத்தை அடி. அதுக்குத்தான் நிறுத்தினேன்."

"நான் ரெண்டு அடி அடிக்கவே இல்ல."

வெளியே சொன்னால் யார் நம்புவார்கள், பைத்தியம் என்பார்கள் என்று வாயை மூடிக்கொண்டோம். மறுநாள் காலை ஏழு மணிக்குப் பம்ப் மறுபடி ஓடியது. மேலிருந்தே துளை போட்டு, செங்கல் சுவருக்குப் பின்பக்கத்தையும் சேர்த்துக் கூரை வரை நிரப்பினார்கள். நான் எதிரே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

புத்தகத்துக்காக நகராட்சி ஆவண அறைக்குப் போனது அதற்கு மூன்று வாரம் கழித்து. பதுங்கு பாதையின் போர்க்கால நோட்டு அங்கே இருந்தது. அந்தக் காலத்திலும் காவலாளி சுரங்கத்துக்காரர்தான், அதே டோக்கன் வழக்கம்தான். 1945 மார்ச், பென்சில் எழுத்து. டோக்கன் அறுபது. திரும்பியது ஐம்பத்தெட்டு. கூரை இடிந்ததால் பின்பகுதி செங்கல் வைத்து அடைக்கப்பட்டது. தேடவில்லை.

திரும்பாதவை இரண்டு. ஏழு: ஆல்ஃபோன்ஸ் வ்ரோபெல், போர்ட்டர். முப்பத்தொன்று: லூட்சீ வ்ரோபெல், அவர் மகள், வயது எட்டு.

எண்பது வருஷமாக அவர் பிள்ளையை விட்டு நகரவில்லை. மாற்று ஆள் வந்த பிறகுதான் மேலே ஏறினார், முறையாக டோக்கனை மாட்டினார். விட்டுட்டு வந்துட மாட்டீங்களே என்று என்னிடம் கேட்டுவிட்டுத்தான் போனார்.

மாட்டேன் என்று சொன்னது நான்தான்.