மூச்சை மிச்சம் பிடித்தவன்

கடலோர ஊரான கௌகிராவில் எவரிஸ்டோ லகூத் அளவுக்கு ஒரு சிலிண்டர் காற்றைச் சிக்கனமாக நீட்டத் தெரிந்தவர் யாருமில்லை. மற்ற முக்குளிப்பவர்கள் காற்று தீர்ந்து மேலே வந்த பிறகும், அவன் கடலடியில் பாறை இடுக்கில் சிங்கி இறாலைக் கொக்கியால் இழுத்துக்கொண்டிருப்பான். மூச்சைக் கொஞ்சம் இழுத்து, அடக்கி, மெல்ல விடுவான். மேலே அவனுக்காகத் தோணி தள்ளிக் காத்திருக்கும் ரெம்மி, "மூக்குக்கு மூடி போட்டுப் பொறந்த பய" என்பான்.

ஜனவரியில் ஒருநாள் எவரிஸ்டோ ஆழத்திலிருந்து அவசரமாக ஏறினான். தோணியில் விழுந்தபோது இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. அளவுக்கு மீறி இறால் எடுத்ததால் கடல்கன்னி லிவா அடித்துவிட்டாள் என்றே நம்பினான். தோணிகளை ஏற்றி வந்த கப்பல் கரை சேரத் தாமதமானது. ரெம்மி அவனை புவெர்ட்டோ லெம்பீரா நகரின் சிகிச்சை நிலைய வாசலில் விட்டுவிட்டு, வேறொருவனுக்குத் தோணி தள்ளப் போய்விட்டான். அவன் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டுமே.

எவரிஸ்டோவின் வீட்டில் வேறு ஆளில்லை. கால் வராவிட்டால் அவனைத் தூக்கி இறக்க ஒருவரும் கிடையாது.

அங்கே அவனைப் படுக்கவைத்த அழுத்த அறை என்பது படுக்கை போட்ட பெரிய இரும்புக் குழாய். அதன் கதவைத் திருகி மூடும் நர்ஸ் நெல்டா சொன்னாள்: "காது அடைக்கும், பயப்படாதே. முகமூடியில வர்றது சுத்தமான ஆக்சிஜன். அவசரமா ஏறுனதுல ரத்தத்துல சேர்ந்த காத்துக் குமிழிய அதுதான் வெளியேத்தணும்."

பலமுறை உள்ளே போய் வந்தான். தலைவலிதான் மிச்சம்.

அடுத்த முறை நெல்டா கண்ணாடி வழியே உற்றுப் பார்த்தாள். மூச்சுக்கு உப்பி வாட வேண்டிய முகமூடிப் பை அசையவேயில்லை. ஒலிவாங்கியை எடுத்தாள்.

"தம்பி, மூச்சு விடுறியா, செத்துட்டியா?"

"விடுறேன்க்கா. பாத்துப் பாத்துத்தான். சிலிண்டர் தீந்துடக் கூடாதுல்ல."

நெல்டாவுக்குச் சிரிப்பு வந்து, பாதியில் நின்றது.

"அட கிறுக்கா! இங்க எந்த முதலாளி உன்கிட்ட இறால் கேட்டான்? தீந்தா மாத்த நான் இருக்கேன். நெஞ்சு நெறைய இழு!"

"வரமாட்டேங்குதுக்கா. பழகிப்போச்சு."

அவள் ஒலிவாங்கியை வாயருகே வைத்து, தானே இழுத்து விட்டாள். இழுத்து விட்டாள். கடலடியில் அவன் கேட்டதெல்லாம் தன் மூச்சை மட்டும்தான். இப்போது இன்னொரு மூச்சு காதோரம் வந்தது. அதோடு சேர்ந்துகொண்டான்.

நாட்கள் கழித்து இடது பாதத்தில் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. பிறகு முழங்கால் மடங்கியது. வலது கால் பாதிதான் வந்தது.

கடைசி நாள் கைத்தடியை ஊன்றி நின்றவன், குழாயையும் அவள் கையிலிருந்த ஒலிவாங்கியையும் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"இன்னொரு தடவ உள்ள போகவாக்கா?"

"எதுக்குடா? நீதான் நடக்குறியே. வாசல்ல இன்னொருத்தன் கெடக்குறான் பாரு. கெளம்பு."

கௌகிராத் துறையில் படகு நின்றபோது கைகொடுக்க யாரும் வரவில்லை. தடியை முதலில் பலகையில் வைத்தான். நெஞ்சு நிறைய ஒரு மூச்சு இழுத்து, வலது காலை இழுத்துக்கொண்டு தானே இறங்கினான்.