பூனைக்கும் புற்றுநோய் வருமுங்களா?

பூனைக்கு வைத்தியம் பார்க்கிறவரை அடையாளம் காண ஸ்டெதஸ்கோப் தேவையில்லை, முன்கையில் இருக்கும் நகக்கீறல்களே போதும். தொண்ணூறுகளில் சிங்காநல்லூரில் சின்னதாக ஒரு கிளினிக் வைத்திருந்தேன். மாட்டுக்கும் நாய்க்கும் பழகிய ஊர். பூனையைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களைத் தெருவே ஒரு மாதிரி பார்க்கும். ஒயர் கூடைக்குள் பூனையை அடைத்து, அது கத்தக் கத்த டவுன் பஸ்ஸில் வந்தவர் நீங்கள் என்றால், என் கஷ்டம் உங்களுக்குத்தான் புரியும்.

விஷம் வைத்தது யார்?

சரவணம்பட்டி பழனியம்மாள் ஐந்து மாதப் பெட்டைக் குட்டியோடு வந்தார். இரண்டு நாளாக வாந்தி, பேதி. "பக்கத்தூட்டு ராமசாமி வெஷம் வெச்சுப்போட்டாருங்க. அவரு கோழிக்குஞ்சப் புடிச்சுதுன்னு கோவம். நீங்க எழுதிக் குடுங்க, நேரா போலீஸ் டேசனுக்குப் போறேன்" என்றார்.

குட்டியின் முன்னால் தண்ணீர்க் கிண்ணத்தை வைத்தேன். கிண்ணத்துக்கு மேல் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்ததே தவிர, ஒரு சொட்டும் குடிக்கவில்லை. உடம்பு அனலாய்க் கொதித்தது. ஒரு துளி ரத்தம் எடுத்து மைக்ராஸ்கோப்பில் தேடினால் வெள்ளை அணுக்களைக் காணோம். நாய்களுக்கு ரத்தப்பேதி கொண்டுவரும் பார்வோவின் சொந்தக்கார வைரஸ் இது, வீட்டுத் தரையில் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். விஷமில்லை என்று சொன்னேன். அந்தம்மா நம்பவில்லை. ஆனாலும் நான்கு நாள் ட்ரிப், ஊசி, வெந்நீர்ப் பாட்டில் ஒத்தடம் என்று குட்டியோடேயே கிடந்தார். ஐந்தாம் நாள் குட்டி தன் காலைத் தானே நக்கிச் சுத்தம் செய்தது. அப்பாடா என்று நிமிர்ந்தால், வாசலில் ராமசாமி நிற்கிறார். கையில் துண்டில் சுற்றிய அவர் வீட்டுப் பூனைக்குட்டி, அதே நோய்.

ரொம்பத் தாமதமாக வந்திருந்தார். மறுநாள் மதியம் அது போய்விட்டது. பெரிய மனிதர், துண்டால் முகத்தை மூடிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். பழனியம்மாள் பக்கத்தில் போய் நின்று சொன்னார்: "அழுவாதீங்கண்ணா. இது பெருசாகிக் குட்டி போட்டா மொதக் குட்டி உங்களுக்குத்தானுங்க. ஆனா ஊட்டப் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவிப்போட்டு வந்து வாங்கிக்கோணும்."

ஆறாத காது

கருமத்தம்பட்டியில் விசைத்தறி ஓட்டும் சுப்பிரமணியம் ஒரு வெள்ளைக் கடுவன் பூனையைக் கொண்டுவந்தார். இரண்டு காது நுனியிலும் ஒரு வருடமாகப் புண். மஞ்சள் வைத்தும் வேப்பெண்ணெய் போட்டும் ஆறவில்லை. "சண்டக் காயமுங்க" என்றார். சண்டைக் காயம் பத்துப் பதினைந்து நாளில் ஆறிவிடும். இதுவோ பொருக்குத் தட்டி, உதிர்ந்து, ரத்தம் கசிந்து, காதைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துக்கொண்டிருந்தது. வெள்ளைப் பூனையின் காது வெயில் தாங்காது. வருடக்கணக்கில் ஓட்டு மேல் படுத்துக் காய்ந்ததன் பலன் இது, தோல் புற்றுநோய் என்றேன்.

"பூனைக்கும் புத்துநோய் வருமுங்களா?" என்று கேட்டார். அவர் அம்மா அதில்தான் இறந்தாராம். இது உள்ளே பரவும் முன் வெட்டிவிடலாம் என்று தைரியம் சொல்லி, மயக்கம் கொடுத்து இரண்டு காதையும் பாதிக்கு மேல் எடுத்தேன். தையல் பிரிக்க வந்தபோது பூனை ஆந்தை மாதிரி இருந்தது. எனக்கே சங்கடம். காது கேட்கிறதா என்று மெதுவாக விசாரித்தேன். "அதெல்லாம் அருமையாக் கேக்குதுங்க டாக்டரம்மா. அத்தன தறிச் சத்தத்துலயும் கருவாட்டுப் பொட்டலம் பிரிக்கறது மட்டும் கேட்டுப்போடுதுங்க."

நோயாளி பெயர் மீனாட்சி

மீனாட்சி, ரிட்டயர்டு டீச்சர் ஒருவரின் பூனை. நன்றாகத் தின்றும் இளைத்துக்கொண்டே போனது. வயிற்றைத் தடவினால் எலுமிச்சை அளவு கட்டி. ஊசியால் உறிஞ்சி எடுத்துப் பார்த்தேன், நிணநீர்ப் புற்றுநோய். மனிதர்களுக்குப் போடும் மருந்தையே அளவு குறைத்து வாரம் ஒருமுறை போடவேண்டும். பெரிய மருந்துக்கடை ஒன்றில் சீட்டை நீட்டினேன். மீனாட்சி, வயது நான்கு, எடை இரண்டரைக் கிலோ. கடைக்காரர் படித்துவிட்டுக் கண் கலங்கினார். "நாலு வயசுக்கு ரெண்டரக் கிலோதானுங்களா?" நான் வாயைத் திறப்பதற்குள் அடுத்த ஆள் சீட்டை நீட்டிவிட்டார்.

அடுத்த வாரமும் கூட்டம். மூன்றாவது வாரம் கடைக்காரர், ஆனைமலை மாசாணியம்மன் கோயிலுக்குப் போய் வந்ததாகச் சொல்லி ஒரு திருநீற்றுப் பொட்டலத்தை என் கையில் வைத்தார். "பாப்பாவுக்கு வெச்சு உடுங்க." இதற்கு மேல் பொறுக்க முடியவில்லை, ஒரு டீச்சரம்மாவின் பூனை என்று சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று பார்த்தேன். "பாப்பான்னா என்ன, பூனைன்னா என்னுங்க" என்று மருந்தை எடுக்கப் போனார். டீச்சர் அந்தத் திருநீற்றைத் தினமும் பூசினார்.

கட்டி சுருங்கியது. எட்டு மாதம் மீனாட்சி மதில் ஏறினாள், பல்லி பிடித்தாள், டீச்சர் மடியில் தூங்கினாள். பிறகு கட்டி மறுபடி வளர்ந்தது. இந்த முறை மருந்து கேட்கவில்லை, மீனாட்சி போய்விட்டாள். கடைக்குப் போய்ச் சொன்னேன். அவர் கல்லாவை விட்டு எழுந்து வந்து கேட்டார்: "டீச்சரம்மா சாப்புட்டாங்களானு பாத்தீங்களா? மொதல்ல அவங்க ஊட்டுக்குப் போங்க, கடைக்கு அப்பறம் வருலாமுங்க."

இத்தனை வருடத்தில் வைரஸையும் புற்றுநோயையும் ஓரளவு கண்டுபிடிக்கக் கற்றுக்கொண்டேன், ஆனால் மேஜையில் சாதுவாகப் படுத்திருக்கும் பூனை எந்த நொடியில் பீரோ மேல் ஏறும் என்பதை மட்டும் எனக்கு எந்தப் பரிசோதனையும் சொல்லித் தரவில்லை.