சந்தேகப்பட்ட என்னையும் முருகன் கைவிடவில்லை

ஆயுள் தண்டனை என்று நீதிபதி வாசித்தபோது என் கணவர் ஏழுமலை என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். முருகனை நம்பும் உங்களிடம் அந்தப் பாவத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அவர் கொலை செய்திருப்பாரோ என்ற சந்தேகம் எனக்கும் இருந்தது.

ஒரகடம் பக்கம் கம்பெனிகள் வரத் தொடங்கியிருந்த காலம். அங்கே ஒரு கம்பெனியில் அவரோடு ஒரே லைனில் வேலை பார்த்தவர் இசக்கி, தென்காசிப் பக்கத்து ஆள். இருவருக்கும் ஏதோ தகராறு. ஒரு சனிக்கிழமை மாலை இருவரும் ஏரிப்பக்கம் சேர்ந்து போனதை டீக்கடைக்காரர் பார்த்திருக்கிறார். திங்கட்கிழமை காலை இசக்கி ஏரிக்கரையில் பிணமாகக் கிடந்தார். எங்கள் வீட்டில் போலீஸ் எடுத்த இவர் சட்டையில் ரத்தக் கறை. கம்பெனியில் கையைக் கிழித்துக்கொண்ட ரத்தம் என்று இவர் சொன்னதை யாரும் நம்பவில்லை.

ஜெயில் கம்பிக்கு வெளியே நின்று கேட்டேன். "முருகன் மேல சத்தியமா சொல்லு. நீ செஞ்சியா?"

"பேசிட்டு நான் வூட்டுக்கு வந்துட்டேன். அவன் அங்கியே குந்திகினு இருந்தான். இன்னும் இன்னா சொல்லணும்?"

அதன்பிறகு இரண்டு மாதம் என்னைப் பார்க்க மறுத்துவிட்டார்.

செவ்வாய்தோறும் வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்கு நடந்தேன். "முருகா, அவர் செய்யவில்லை என்றால் வெளியே கொண்டுவா. செய்திருந்தால் அதைத் தாங்கும் பலத்தைக் கொடு." வேறு எதுவும் கேட்கத் தெரியவில்லை.

இலவச சட்ட உதவியில் ஒரு பெண் வக்கீல் கிடைத்தார். மேல்முறையீடு செய்தார். "சனிக்கிழமைக்கும் திங்கட்கிழமைக்கும் நடுவுல நடந்ததுக்கு சாட்சியே இல்லம்மா. சட்டையில இருந்தது யார் ரத்தம்னுகூட போலீஸ் சொல்லல" என்றார்.

மூன்று வருடம் ஆனது. இடையில் மாமனார் இறந்தார். கொள்ளி வைக்க மட்டும் போலீஸ் காவலில் இவரை அழைத்து வந்தார்கள்.

சேர்ந்து போனதைப் பார்த்தது மட்டும் போதாது, குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று உயர் நீதிமன்றத்தில் விடுதலை செய்தார்கள். வராந்தாவில் இசக்கியின் தாய் என் கையைப் பிடித்தார். "அப்பம் எம்மவனக் கொன்னது யாரும்மா?"

பஸ்ஸில் இவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "உன் எடத்துல நான் இருந்தாலும் அப்டிதான் நெனச்சிருப்பேன்" என்றார். நான் கேட்டதற்கு முருகன் கொடுத்த பதிலாகவே அந்த விடுதலையை ஏற்றுக்கொண்டேன். மனதிலிருந்த சந்தேகம் அன்றோடு விட்டது.

எந்தக் கம்பெனியும் இவரை எடுக்கவில்லை. மாடு வைத்துப் பிழைக்கிறோம். ஊரில் சிலர் இன்னும் எங்களிடம் பால் வாங்குவதில்லை. ஆனாலும் நன்றியோடு இருக்கிறோம்.

மனதில் கலக்கம் இருந்தாலும் முருகன் முன்னால் போய் நில்லுங்கள். உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள், கேட்பான். அந்தத் தாய்க்கும் ஒரு பதில் கிடைக்க வேண்டும் என்று எங்களோடு சேர்ந்து வேண்டிக்கொள்ளுங்கள்.