சுலைகாம்மாவிடம் மட்டும் சொல்லாத பதில்

ஞானமுத்து சாரின் மகள் அமெரிக்காவிலிருந்து போன் செய்தபோது நான் தஞ்சாவூரில் காய்கறிக் கடையில் நின்றுகொண்டிருந்தேன். "அப்பா போயிட்டாங்க வசந்தா ஆன்ட்டி" என்றாள். விமானச் சீட்டு கிடைக்கவில்லையாம். டெல்லியில் நடக்கும் அடக்கத்துக்கு வந்து சேர வழியே இல்லையாம். அழுது ஓய்ந்த பிறகு கேட்டாள்: "தனக்கு ஏதாவது ஆச்சுன்னா சுலைகாம்மாகிட்ட வசந்தாவச் சொல்லச் சொல்லுன்னு அப்பா சொல்லியிருந்தாங்க. யாரு ஆன்ட்டி அவங்க?"

இன்று அவர் நினைவாக இங்கே கூடியிருக்கிற, அவரோடு வேலை பார்த்த உங்களுக்கும் இந்தப் பெயர் தெரிந்திருக்காது. பூதலூரில் பிறந்து, டெல்லியில் பாதுகாப்பு அமைச்சகத்தில் மூத்த அதிகாரியாக உயர்ந்தவர் என்றுதான் அவரை நமக்கெல்லாம் தெரியும். சீருடை போடாதவர். ஆனால் எந்தக் கப்பல் வாங்குவது, எது வேண்டாம் என்று பேசுகிற கூட்டம் அவர் இல்லாமல் தொடங்காது. திருப்பனந்தாளிலிருந்து டெல்லிக்குப் போன நான் அவருக்கு ஸ்டெனோ. கூட்டத்தில் அவர் பேசியதையெல்லாம் தட்டச்சு செய்தவள் என்பதால் கொஞ்சம் உரிமையோடு சண்டையும் போடுவேன்.

வெளிநாட்டுக் கம்பெனிகள் படையெடுத்து வந்த காலம் அது. ஒரு ஏஜென்ட், தானும் தஞ்சாவூர்க்காரன் என்று சொல்லிக்கொண்டு திருவையாற்று அசோகா அல்வாவோடு வந்தார். சார் டப்பாவைத் திறந்து முதல் வாயை அவரையே சாப்பிட வைத்தார். மீதியை எங்கள் செக்‌ஷன் முழுக்கக் கொடுத்தனுப்பினார். "இனிப்பு பிரமாதம். நீங்க கேக்கறது முடியாது" என்றார். அந்த மனிதர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! எங்களுக்குச் சிரிப்பை அடக்குவதே பெரும்பாடாகிவிட்டது.

அதுதான் அவர் வழக்கம். முடியாது என்பதை எடுத்த எடுப்பில் சொல்லிவிடுவார். லீவில் பூதலூர் வந்தாலும் அப்படித்தான். மகனுக்கு வேலை, மாப்பிள்ளைக்கு டிரான்ஸ்பர் என்று வருகிறவர்களை வாசலிலேயே நிறுத்திச் சொல்லிவிட்டுப் பிறகுதான் உள்ளே அழைப்பார். இது என்ன மரியாதை சார் என்று ஒருமுறை கடிந்துகொண்டேன். "உக்கார வச்சு காபி குடுத்துட்டுச் சொன்னா, காபியக் குடிச்சதுக்கும் சேத்து அழுவாங்க வசந்தா. இப்பவே சொன்னா வேற எடத்துலயாவது கேட்டுப் பாப்பாங்க" என்றார்.

ஒரு கிறிஸ்துமஸுக்கு, லீவில் ஊருக்கு வந்திருந்த நான் அவருக்கு வாழ்த்துச் சொல்ல பூதலூர் போயிருந்தபோதுதான் சுலைகாம்மா வந்தார்கள். வேதாரண்யம் பக்கத்திலிருந்து மூன்று பஸ் மாறி, ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு. ஒரே மகன் காதர் துபாய்க்குப் போய், அங்கே ஒரு சரக்குக் கப்பலில் வேலைக்குச் சேர்ந்தான். புயலில் அந்தக் கப்பல் காணாமல் போய்விட்டது.

"நம்ம நேவி கப்பலெல்லாம் உங்க கையிலதான்னு சொன்னாங்க ஐயா. ஒண்ண அனுப்பிப் பாக்கச் சொல்லுங்க. எம்புள்ள நல்லா நீந்துவான்."

சார் வாயைத் திறந்தார். வழக்கமான வார்த்தை வரவில்லை. "உள்ள வாங்கம்மா. பாக்கறேன்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

டெல்லி திரும்பியதும் அவர் கேட்காத ஆள் இல்லை. கப்பல் வேறு நாட்டு முதலாளியுடையது. மூழ்கியது நம் எல்லைக்கு வெகு தொலைவில். அந்த நாடு தேடிப் பார்த்து, யாரும் மிஞ்சவில்லை என்று தேடுதலை நிறுத்தியும்விட்டது. அன்று மாலை அறைக்குள் போனேன். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். "கப்பல் வாங்கலாமா வேணாமான்னு இத்தன வருஷமாப் பேசறேன். ஒரு தாய்க்காக ஒரு படகக் கூட என்னால அனுப்ப முடியலியே" என்றார்.

சுலைகாம்மா போன் செய்துகொண்டே இருந்தார்கள். உண்மையைச் சொல்லிவிடுங்கள் என்று நான் சண்டை போட்டேன். "நாளைக்குச் சொல்றேன்" என்பார். அவர்கள் குரலைக் கேட்டதும், "விசாரிச்சிட்டுதாம்மா இருக்கோம்" என்றுதான் வாயில் வரும். ஓய்வு பெற்ற பிறகு, தனக்கு இப்போது ஆபீஸே இல்லை என்று சொல்லிப் பார்த்தார். "உங்க பேச்சுக்கு மரியாத இல்லாமலா போயிடும்?" என்றார்களாம் அவர்கள். கோழை என்று மனதுக்குள் அவரைத் திட்டியிருக்கிறேன்.

இப்போது என் முறை. போனில் சொல்ல மனம் வராமல் நேரிலேயே போனேன். இரண்டையும் சொல்லிவிடுவது, சார் போனதையும் காதர் போனதையும், என்று பஸ்ஸில் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். முதலாவதைச் சொன்னேன். சுலைகாம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நெடுநேரம் அழுதார்கள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு என் கையைப் பிடித்தார்கள்.

"நல்ல மனுசரு. எனக்காக எவ்வளவு அலைஞ்சாரு. அவரு விட்ட எடத்துலேந்து இனிமே நீங்க விசாரிப்பீங்கள்லம்மா?"

நண்பர்களே, அவரிடமிருந்து நீங்கள் ஒவ்வொருவரும் எத்தனையோ கற்றிருப்பீர்கள். அவருடைய நேர்மை, கறார், அந்த 'முடியாது' எல்லாம் உங்களுக்கே இருக்கட்டும். எனக்கென்று அவர் விட்டுப்போனது சுலைகாம்மா. "விசாரிக்கறேம்மா" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.