கோத்தா திங்கி போன அண்டா

பவுனம்மாளின் புளிச்சோற்றைச் சாப்பிடாதவர் சிங்கப்பூர் தேக்காவில் இல்லை. ஆனால் 1958 வரைக்கும் அவள் மலாயாவுக்குப் போகும் ஜொகூர்ப் பாலத்தைத் தாண்டியதில்லை. பக்கத்து அறை ராஜாமணி, தீபாவளி முடிந்ததும் வருஷா வருஷம் லாரி பிடித்துத் தெருவையே கோத்தா திங்கி அருவிக்கு அழைத்துப்போவாள். சோறு பவுனம்மாளின் பொறுப்பு.

“இந்தத் தடவை நீயும் வர்றக்கா. டிரைவர் பக்கத்து சீட்டு உனக்குத்தான்,” என்று ராஜாமணி கையில் அடித்துச் சத்தியம் செய்தாள்.

பவுனம்மாள் விடியுமுன் சமைத்து முடித்து அண்டாவை லாரிக்கு அனுப்பிவிட்டு, குளித்து, அருவியில் நனைந்தால் மாற்றிக்கொள்ள ஒரு புடவையும் எடுத்துக்கொண்டு இறங்கி வந்தாள். லாரி நிறைந்திருந்தது. டிரைவர் பக்கத்து சீட்டில், கயிறு கட்டி, அவளுடைய அண்டா உட்கார்ந்திருந்தது.

“பின்னால வச்சா கொட்டிடும்லா. அடுத்த வருஷம் வாக்கா.”

மாலையில் அண்டா திரும்பி வந்தது, கழுவாமல்.

“அருவி எப்படிடி இருந்துச்சு?”

“அருவி கிடக்கட்டும்க்கா. எல்லாரும் உன் சோத்தைத்தான் பேசினாங்க!”

அது பாராட்டாம்! கூடப்பிறந்தவள் போலப் பழகியவள், வெட்கமில்லாமல் சிரித்துக்கொண்டே சொன்னாள். பவுனம்மாள் அண்டாவைத் தேய்க்க உட்கார்ந்தாள்.

அடுத்த வருஷம் லாரி வந்ததும் முதல் ஆளாக ஏறி, டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். மடியில் அந்த மாற்றுப் புடவை மட்டும் இருந்தது.

“அண்டா எங்கக்கா?” என்றாள் ராஜாமணி.

“அதுக்கு இடம் இல்லடி.”

“சோறு இல்லாம அங்க போய் என்ன பண்றது?” என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. ஏறியவர்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். முதலில் இறங்கியவள் ராஜாமணி.